தோற்கும் அணியின் தாடை

நவம்பர் 18

டாக்டர் மெஹருன்னிசா சொன்னதால் இதை எழுதுகிறேன். பல் மருத்துவர்கள் நோயாளியை நாட்குறிப்பு எழுதச் சொல்வார்கள் என்பது எனக்கு ஐம்பத்து மூன்று வயதில் கிடைத்த தகவல். பகலில் எப்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன் என்று கவனிக்க வேண்டுமாம். நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, இறுக்கம் பத்துக்கு எத்தனை, காரணம் என்ன, இந்த நான்கையும் குறித்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும்.

என் நிலைமை இது. வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது. மற்றவர்களுக்கு மூன்று விரல் நுழையும். இட்லியை நான்காகப் பிட்டால் உள்ளே போகிறது. வலது காதுக்கு முன்னால், தாடை மூட்டு இருக்கும் இடத்தில், ஒரு வருடமாக 'டக்' என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. போன வாரம் சத்தம் நின்றது. நல்லதாயிற்று என்று நினைத்தேன். சத்தம் நின்றது மூட்டுக்குள் இருக்கும் மெத்தை போன்ற வட்டு நழுவி வழியை அடைத்துக்கொண்டதால் என்று டாக்டர் விளக்கினார். வரலாற்றிலும் பல இடங்களில் அமைதி இப்படித்தான் வந்திருக்கிறது.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். விடுமுறை நாட்களில் பட்டிமன்றம் பேசுகிறேன். இரண்டு வேலைக்கும் வாய் வேண்டும்.

"வேலையில டென்ஷன் உண்டா சார்?" என்று கேட்டார் டாக்டர்.

"கிடையாது."

"வீட்ல?"

"கிடையாது."

"யார் மேலயாவது கோபம்?"

"எனக்குக் கோபமே வராதும்மா. பதினெட்டு வருஷமா தோக்குற அணியிலதான் பேசறேன்."

அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

நவம்பர் 19

காலை 8.10. பல் துலக்கினேன். இறுக்கம் 0.
காலை 11. வகுப்பு. 1.
மாலை 4.30. ஐயா தொலைபேசியில் பேசினார். 7. காரணம் இல்லை.

நவம்பர் 21

ஐயா யார் என்று டாக்டருக்குத் தெரியாது. எழுதிவைக்கிறேன்.

ஐயா என்பவர் சொற்கொண்டல் காத்தபெருமாள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எங்கள் குழுவின் நடுவர். வயது எழுபத்தொன்று. எங்கள் பட்டிமன்றத்தில் தீர்ப்பு ரயிலிலேயே முடிவாகிவிடும். விழுப்புரம் வருவதற்குள் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இந்தத் தடவை தமயந்தி அணிக்குக் குடுத்துடுவோம்" என்பார். தமயந்தி எங்கள் குழுவின் இன்னொரு பேச்சாளர், வங்கியில் வேலை. எப்போதும் அவள் அணிக்குத்தான். இதில் மோசடி எதுவும் இல்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளை யார் என்று முகூர்த்தத்துக்கு முன்பே தெரிந்திருப்பதை யாரும் மோசடி என்பதில்லை.

என்னைத் தோற்கும் அணிக்குத் தேர்ந்தெடுத்தது 2007இல். "உனக்குத்தான்யா தோத்தாலும் சிரிச்ச முகம்" என்றார் ஐயா. அது பாராட்டு. அன்று முதல் தீர்ப்பு வாசிக்கப்படும் இருபது நிமிடமும் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருப்பது என் பொறுப்பு.

மேடைச் சிரிப்பு எப்படி நடக்கிறது என்று இன்று கண்ணாடியில் பார்த்தேன். உதடு விலகுகிறது. பல் சேர்கிறது. சேர்ந்த பல்லை அப்படியே அழுத்திப் பிடித்தால்தான் இருபது நிமிடம் தாங்கும். டாக்டர் சொன்னது நேர் எதிர்: "உதடு மூடியிருக்கலாம் சார், பல்லும் பல்லும் தொடக் கூடாது." அந்த முகத்தோடு மேடையில் உட்கார்ந்தால் கோபமாக இருக்கிறேன் என்று நினைப்பார்கள்.

நவம்பர் 23

நான் தூக்கத்திலும் பல்லை அரைக்கிறேன் என்று என் மனைவி பிலோமினா இரண்டு வருடமாகச் சொல்லிவருகிறாள். மாவு மில் பக்கத்தில் குடியிருப்பது போல் இருக்கிறதாம். அவள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. எந்த நோய்க்கும் அவளுடைய விளையாட்டுச் சாமான் அறையில் ஒரு மருந்து இருக்கும். இன்று குத்துச்சண்டைப் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்ளும் ரப்பர் கவசம் ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"வெந்நீர்ல போட்டு எடுத்து நல்லா கடிங்க. உங்க பல்லுக்கு ஏத்த மாதிரி அச்சு விழுந்துடும்."

"இது எதிராளி குத்தும்போது போட்டுக்கறது பிலோ."

"உங்களை ஒருத்தரும் குத்தலைங்கிறீங்களா?"

கடித்தேன். மிகவும் சௌகரியமாக இருந்தது.

நவம்பர் 27

ரப்பர் கவசத்தில் நான்கு நாளில் ஓட்டை விழுந்துவிட்டது. கன்னம் இரண்டும் கல் மாதிரி ஆகிவிட்டன.

டாக்டர் என்னைத் தாம் பாடம் நடத்தும் பல் மருத்துவக் கல்லூரிக்கு வரச் சொன்னார். கன்னத்தில் இரண்டு, நெற்றிப்பொட்டில் இரண்டு என்று பொட்டு மாதிரி ஒட்டி ஒயர்களை இணைத்தார்கள். பல்லைக் கடிக்கும்போது தசை எவ்வளவு வேலை செய்கிறது என்று அந்த இயந்திரம் கோடு போட்டுக் காட்டும். முதலில் வெறும் பல்லோடு முழு பலத்தில் கடிக்கச் சொன்னார்கள். அதை நூறு என்று வைத்துக்கொண்டார்கள். அடுத்து ரப்பர் கவசத்தோடு. நூற்றுப் பதினெட்டு.

"ரப்பர் கொடுத்தா உங்க தசை அதை மெல்லத்தான் பார்க்குது சார். சூயிங் கம் மாதிரி" என்றார் டாக்டர். "பல் தேயாது, சரி. ஆனா தசைக்கு வேலை கூடிருச்சு."

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். கடித்தால் பல் உடையும் என்ற பயம் ஒன்றுதான் என்னைத் தடுத்துக்கொண்டிருந்தது. கவசம் அந்தப் பயத்தையும் எடுத்துவிட்டது.

அடுத்து முன் பற்களுக்கு மட்டும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு வைத்தார். கடைவாய்ப் பல் எதுவும் ஒன்றோடொன்று தொடவில்லை. எவ்வளவு முயன்றும் நாற்பத்தொன்றுக்கு மேல் கடிக்க முடியவில்லை. எனக்கே ஆச்சரியம். பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக என் கன்னம் சும்மா இருந்தது.

"இதையே குடுத்துடுங்கம்மா" என்றேன்.

"ஒரு வாரம் பார்ப்போம்" என்றார் டாக்டர், முழுச் சம்மதம் இல்லாமல்.

டிசம்பர் 3

தசை ஓய்வெடுக்கிறது. காதுக்கு முன்னால் மூட்டு வலி உயிர் போகிறது.

டிசம்பர் 4

டாக்டர் ஒரு ஸ்கேலையும் இரண்டு ரப்பரையும் வைத்து விளக்கினார். தாடை என்பது ஒரு முனையில் மூட்டும் மறுமுனையில் முன் பல்லும் உள்ள பலகை. நடுவில் கடைவாய்ப் பல் தாங்கிக்கொண்டிருக்கும்வரை பாரம் பல இடங்களில் பிரிகிறது. நடுவில் இருப்பதை எடுத்துவிட்டால் தசை கொஞ்சமாக இழுத்தாலும் மிச்சம் முழுக்க மூட்டின் தலையில் விழுகிறது. எல்லோருக்கும் இப்படி ஆகும் என்றில்லை, என் மூட்டு ஏற்கெனவே நொந்தது என்பதால் எனக்கு ஆகிறது.

"அப்ப யாராவது ஒருத்தர் தாங்கித்தான் ஆகணும்?"

"கடிக்கிறவரைக்கும், ஆமா சார்."

இனி மேல்வரிசை முழுவதும் மூடும் கெட்டியான, சமதளமான தட்டு. எல்லாப் பல்லும் ஒரே நேரத்தில் அதன்மேல் உட்காரும். இயந்திரத்தில் எழுபத்து மூன்று வந்தது. மூட்டும் புகார் சொல்லவில்லை. தூங்கும்போது மட்டும் போட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

கிளம்பும்போது, "சார், தட்டு பல்லைக் காப்பாத்தும், பாரத்தைப் பிரிச்சுக் குடுக்கும். நீங்க கடிக்கிறதை அது நிறுத்தாது. நாட்குறிப்பை விடாம எழுதுங்க" என்றார்.

டிசம்பர் 9

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி விழா. மதியம் மூன்று மணி.

நான் அதிகமாகக் கடிப்பது மேடையில் என்று இந்த நோட்டைப் புரட்டினாலே தெரிகிறது. ஆகவே தட்டை மேடையில் போடுவதே அறிவு என்று முடிவு செய்தேன். என் முறை நான்காவது. மற்றவர்கள் பேசும்போது போட்டுக்கொண்டிருந்து, என் முறைக்கு முன் கைக்குட்டையில் கழற்றிவிடலாம்.

ஐயா வணக்கம் சொல்லி முடித்ததும் முதல் பேச்சாளராக என்னை அழைத்தார். எங்கள் குழுவில் தோற்கும் அணியின் கடைசிப் பேச்சாளர் முதலில் பேசியதாகச் சரித்திரம் கிடையாது. கழற்ற நேரமில்லை. வாயில் தட்டோடு ஆறு நிமிடம் பேசினேன். ச, ஸ எல்லாம் காற்றாகப் போயின. நான் யாரோ பல்செட் கட்டிய கிழவரைப் போல் நடித்துக்காட்டுகிறேன் என்று நினைத்து மாணவர்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். என் வாழ்நாளில் இவ்வளவு கைதட்டல் வாங்கியதில்லை.

ஐயா வரிசையை மாற்றியது நல்ல புதுமை. அதன்பின் தமயந்தியை அழைக்கும்போது "செல்லம்மா" என்றார். செல்லம்மா பத்து வருடத்துக்கு முன்வரை எங்கள் குழுவில் பேசியவர், இப்போது கனடாவில் இருக்கிறார். மாமியாரும் மிக்ஸியும் கதையை ஐயா பதினைந்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை சொன்னார். அது நான் எழுதிக்கொடுத்த கதை. இரண்டாம் முறை சிரிப்பு அதிகம்.

இறுக்கம் 9. காரணம் இல்லை.

டிசம்பர் 12

இந்த நோட்டை டாக்டரிடம் அப்படியே கொடுப்பது நாகரிகம் அல்ல. மூன்றாம் மனிதர் ஒருவருடைய பெயர் தேவையில்லாமல் வருகிறது. ஒரு புது நோட்டில் ஐயா வரும் இடங்களை விட்டுவிட்டுப் பிரதி எடுத்தேன்.

அரைப் பக்கம் வந்தது. பெரும்பாலும் பல் துலக்கியிருக்கிறேன்.

பழைய நோட்டையே கொடுத்துவிட்டேன். டாக்டர் நிதானமாகப் படித்தார். பின்பக்கத்து நேரக் கணக்கையும் சேர்த்து, 'காரணம் இல்லை' என்று முப்பத்தொரு இடத்தில் இருப்பதாகச் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. நல்ல மருத்துவர்.

டிசம்பர் 17

பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம் ஒளிப்பதிவு. பொங்கலுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே ஒரு கல்யாண மண்டபத்தில் தெர்மாகோல் பானையில் பொங்கல் பொங்கியது. பஞ்சுதான் நுரை. கரும்பு மட்டும் நிஜம். அதைச் சாப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

தலைப்பு: 'குடும்பம் நிலைக்கப் பெரிதும் தேவை பொறுத்துப்போவதா, மனம் திறந்து பேசுவதா?' இரண்டு விரல் மட்டும் வாய் திறப்பவன் என்பதால் எனக்கு மனம் திறந்து பேசும் அணி. வேனில் வரும்போதே ஐயா சொல்லிவிட்டார், பொறுத்துப்போவதற்குத்தான் தீர்ப்பு. பார்ப்பவர்கள் எல்லாம் கல்யாணமாகி முப்பது வருடமானவர்கள், இந்த வயதில் அவர்களைக் கிளப்பிவிடக் கூடாது.

நான் சுமாராகப் பேசினேன். தமயந்தி பிரமாதமாகப் பேசினாள்.

ஐயா தீர்ப்புக்கு எழுந்தார். எல்லாம் சரியாகத்தான் போனது. "ஆகவே" என்றார். நின்றார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் என்ன இருந்ததோ. பிறகு மெதுவாகத் திரும்பி மேடையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் விடை தெரியாத பிள்ளை பக்கத்து பெஞ்சைப் பார்க்குமே, அந்தப் பார்வை. என் முகத்தில் வந்து நின்றார். நான் வழக்கம்போல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"மனம் திறந்து பேசுவதே!" என்றார்.

பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக என் அணி வென்றது. மண்டபம் கைதட்டியது. தயாரிப்பாளர், 'வித்தியாசமா இருக்கு, அப்படியே இருக்கட்டும்' என்று சைகை காட்டினார்.

இறுக்கம் 10. தட்டு போட்டிருந்தால் அதுவும் உடைந்திருக்கும்.

டிசம்பர் 18

தமயந்தி வீட்டுக்கு வந்தாள். காபியைத் தொடவில்லை.

"நான் தோத்ததுக்காக வரலை சார். ஐயா என்னை மூணு தடவ செல்லம்மான்னு கூப்பிட்டாரு. கடைசியில, 'உன் குழந்தை நடக்குதாம்மா'ன்னு கேட்டாரு. செல்லம்மாவோட குழந்தை இப்ப காலேஜ் படிக்குது."

"களைப்பா இருந்திருப்பார்."

"நீங்களும் பார்த்தீங்கல்ல சார்? 'ஆகவே'ன்னு நின்னாரே."

காபி ஆறுகிறது என்றேன்.

"ஜனவரி பதினஞ்சாம் தேதி மன்னார்குடியில நேரடி நிகழ்ச்சி. டிவி இல்ல, வெட்டி ஒட்ட முடியாது. அத்தனை ஜனத்துக்கு முன்னாடி அவரு நின்னுட்டா? இத்தனை வருஷம் சேர்த்த பேரு சார். யாராவது அவர்கிட்ட சொல்லணும்."

"யாரு?"

"நீங்கதான். உங்களுக்குத்தான் தோத்துப் பழக்கம்."

அவள் போனபின் பிலோமினா கோப்பையை எடுத்துக்கொண்டே, "பாவம் அந்தப் பொண்ணு, சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்கா" என்றாள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

டிசம்பர் 26

சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று இருந்தேன்.

ஜனவரி 2

சொல்லவில்லை. புத்தாண்டு.

ஜனவரி 5

மன்னார்குடி விழாக்குழுத் தலைவர் தொலைபேசியில் பேசினார். அவருக்கும் ஏதோ காதில் விழுந்திருக்கிறது.

"பெரியவருக்கு முடியலைன்னா நீங்களே நடுவரா உக்காந்துடுங்க சார். எங்களுக்குச் சம்மதம். உங்க போட்டோவை பேனர்ல நடுவுல போட்டுடறோம்."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எழுத உட்கார்ந்து அரைமணி ஆகிறது. ஐயாவிடம் போய் 'உங்களுக்கு மறதி வந்துவிட்டது, இனி மேடை வேண்டாம்' என்று சொல்வது அவர் நன்மைக்கு. அப்படிச் சொன்ன மூன்றாம் நாள் அவர் நாற்காலியில் நான் உட்காருவது யாருடைய நன்மைக்கு? டிவி மேடையில் அவருக்குப் போடும் நாற்காலியின் முதுகில் ஒட்டியிருக்கும் நீல வெல்வெட்டில் எத்தனை குமிழ் என்று எனக்குத் தெரியும். பதினாறு. நடுவரைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு பதினெட்டு வருடம் அதைத்தான் எண்ணியிருக்கிறேன்.

டாக்டருக்கு: இதைக் காரணமாகக் கொள்ள வேண்டாம்.

ஜனவரி 8

டாக்டரிடம் போனேன். தட்டைச் சோதித்தார். கருநீலத் தாளைக் கடிக்கவைத்து, எங்கே அதிகமாகப் புள்ளி விழுகிறதோ அங்கே ராவினார். வலது பக்கம் மட்டும் பள்ளம் பறித்திருக்கிறேனாம்.

"நீங்க வலது பக்கமாவே கடிக்கறீங்க சார். தூக்கத்துல வலது பக்கம் யாரு இருக்கா?"

"சுவர்தாம்மா இருக்கு."

"மேடையில?"

நடுவர். அதைச் சொல்லவில்லை. அதற்குள் வாயில் டாக்டரின் கை இருந்தது.

ஜனவரி 11

தமயந்தியிடம் பேசினேன். மன்னார்குடிக்கு அவள்தான் நடுவர். நான் வழக்கமான அணி. முதலில் மறுத்தாள், அப்புறம் அழுதாள், பிறகு என்ன புடவை என்று யோசிக்கப் போய்விட்டாள். விழாக்குழுத் தலைவருக்கும் சொல்லியாயிற்று.

இதைத் தியாகம் என்று பிலோமினா நினைக்கிறாள். அப்படி இல்லை. அந்த நாற்காலியைச் சுமந்துகொண்டு ஐயா வீட்டு வாசல்படி ஏற எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஜனவரி 12

காலை பத்து மணிக்கு ஐயா வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி காந்திமதி அம்மா கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தவர், எதற்கு வந்தேன் என்று கேட்காமல், "வாங்க தம்பி, முன்னாலேயே எதிர்பார்த்தேன்" என்றார்.

ஐயா நாற்காலியில் செய்தித்தாளோடு இருந்தார். சட்டைப்பை நிறையச் சின்னச் சின்னச் சீட்டுகள்.

"வாய்யா சவரிமுத்து. என்ன கன்னம் உப்பியிருக்கு?"

"தசைங்கய்யா. கடிச்சுக் கடிச்சுப் பெருத்துப்போச்சு."

"யாரைக் கடிச்ச?"

சிரித்தேன். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியதால் நின்றேன்.

"ஐயா, மன்னார்குடிக்கு நீங்க வர வேணாம்."

செய்தித்தாளை மடித்தார். "யாரு சொன்னது?"

"நான்தான்யா சொல்றேன்."

"ஏன்?"

"உங்களுக்கு மறதி வருதுங்கய்யா. தமயந்தியைச் செல்லம்மாங்கறீங்க. ஒரே கதையை ரெண்டு தடவ சொல்றீங்க. போன மாசம் ஒளிப்பதிவுல தீர்ப்பையே மாத்திச் சொல்லிட்டீங்க."

"யாருக்குக் குடுத்தேன்?"

"எனக்கு."

"நீ நல்லா பேசியிருப்ப."

"நல்லா பேசலைங்கய்யா. நானே கேட்டேன்."

அவர் மடித்த செய்தித்தாளைப் பிரித்தார். பிறகு, "நாற்காலி உனக்கா?" என்றார். கேள்வியில் விஷம் எதுவும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"இல்லைங்கய்யா. தமயந்திக்கு."

"நல்லா செய்யும் அந்தப் பொண்ணு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, உன் தரப்பைச் சொல்லிட்ட. எதிரணியில யாரு?"

சமையலறை வாசலில் நின்றிருந்த காந்திமதி அம்மா உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். ஐயாவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்காராமல் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எதிரணி இல்லீங்க" என்றார்.

ஐயா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து சீட்டுகளை எடுத்து மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்தார். எங்கள் பெயர்கள். யாருக்குக் கண்ணாடி, யாருக்கு மீசை என்று பக்கத்தில் குறிப்பு. என் சீட்டில், 'சவரிமுத்து. சிரிப்பான்' என்று இருந்தது.

"சரிய்யா" என்றார். "ஒத்துக்கறேன். மானமா இறங்கிடறேன்." குரல் உடைந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை விடவில்லை.

காபி வந்தது. பழைய ரயில் பயணங்களைப் பற்றிப் பேசினோம். 1998இல் அரக்கோணத்தில் வண்டியைத் தவறவிட்டதை ஒரு விவரம் பிசகாமல் சொன்னார். நன்றாகச் சிரித்தோம். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்புறம் சவரி, என்ன விஷயமா வந்த?"

காந்திமதி அம்மாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடியும் சொன்னேன். முதலிலிருந்து. இரண்டாம் முறை எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவர் மறுபடியும் செய்தித்தாளை மடித்தார், "யாரு சொன்னது?" என்று அதே குரலில் கேட்டார், அதே இடத்தில் அவர் குரல் உடைந்தது. அவருக்கு இது முதல் முறை. இந்தத் தடவை எதிரணியைப் பற்றிக் கேட்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு மூன்றாம் முறையாக, "ஆமா, நீ என்ன விஷயமா வந்த?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். காந்திமதி அம்மா என் முழங்கையை மெல்லத் தொட்டார்.

"உங்களைப் பார்த்துட்டுப் போகத்தான் வந்தாருங்க."

"அப்படியா? நல்லது" என்றார் ஐயா, உண்மையான சந்தோஷத்தோடு. "இருந்து சாப்பிட்டுப் போகட்டும்."

இருந்து சாப்பிட்டேன்.